என் வீட்டுக்காரர் தாடைக்குப் போட்ட கிரேடு

கழற்றி மாட்டுகிற பல் இனிமேல் இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சபதம் போட்டபோது அவர் வாயில் ஒரு பல்கூட இல்லை.

மேல் செட், கீழ் செட் இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, ஷூ டப்பாவில் போட்டு, பீரோ மேல் ஏற்றிவிட்டார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து சபதம் வந்தது.

"ஸ்க்ரூ போட்டு முடுக்குற பல்லு! மேல எட்டு, கீழ எட்டு! அது வர்ற வரைக்கும் இந்தச் சின்னசாமி வாயத் தொறக்க மாட்டான்!"

"வாயத் தொறக்காம எப்டிங்க பல்லு வெப்பாங்க?"

"இன்னாமே, வெளாட்றியா?"

நான் விளையாடவில்லை. எனக்கு நிஜமாகவே கவலை. புது கேஸ் சிலிண்டரை மாட்டுகிற அன்றைக்கே ஐயோ தீர்ந்துபோகுமே என்று கவலைப்படுகிறவள் நான். பல்லே இல்லாத மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு சபதம் போட்டால் கவலைப்படாமல் இருப்பேனா?

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ சண்டைக்காரர் என்று நினைத்துக்கொள்வீர்கள். சண்டைக்காரர்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் அவர் செலக்டர். முப்பத்தொரு வருஷமாக. மேஜை மேல் ஒவ்வொரு தோலாக வந்து விழும். இவர் பார்ப்பார், தடவுவார், "ஃபர்ஸ்ட்!", "செகண்ட்!", "தேர்ட்!" என்று குரல் கொடுப்பார், மூலையில் நீல பென்சிலால் ஒரு குறி போடுவார். ஒரு தோலுக்கு அவ்வளவுதான் நேரம். நான் தும்மி முடிப்பதற்குள் அவர் மூன்று தோல் பார்த்துவிடுவார்.

விரலுக்குச் சந்தேகம் வந்தால் ஒரு வித்தை வைத்திருக்கிறார். தோலின் ஓரத்தை எடுத்துக் கீழுதட்டின்மேல் மெதுவாக ஒரு இழுப்பு. விரல்கள் இத்தனை வருஷத்தில் காய்த்துப்போய்விட்டன. உதடு காய்க்கவில்லை. சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிற பையர் மெஷின் வைத்துப் பார்த்துச் சொல்வதும் இவர் உதட்டில் இழுத்துச் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும். இந்த ஊரில் எத்தனையோ செலக்டர்கள் உண்டு. உதட்டால் கிரேடு சொல்கிறவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் மனைவி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை அவரிடம் சொல்வதில்லை. ஏற்கெனவே அவருக்கு வேண்டிய அளவு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு தடவை நீல பென்சில் வைத்துவிட்டால் பிறகு மாற்றியதே இல்லை. முதலாளி ஆபித் பாஷாவே ஒருநாள் வந்து கேட்டாராம்.

"மாஸ்டர், இந்த நூறு தேர்டை செகண்டுல தள்ளிக்கலாமா? கன்டெய்னர் நிக்குது."

"பென்சில் வெச்சா வெச்சதுதான் பாய். கன்டெய்னரு நிக்கட்டும். இல்லன்னா என்ன நிறுத்திடுங்க."

கன்டெய்னர் நின்றது. இந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டிலிருந்து தப்பித்தவர் பால்காரர் மட்டும்தான். அவர் வண்டியை ஆஃப் பண்ணுவதே இல்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒரு திங்கட்கிழமை அது நடந்தது.

பாக்கும் சர்க்கரை வியாதியும் சேர்ந்து இவர் பற்களைப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே கொண்டுபோய்விட்டன. அன்றிலிருந்து செட்டுப் பல்தான். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். கீழ் செட்தான் வருஷத்துக்கு வருஷம் லொடலொடத்தது. அன்றைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டு பையர். இந்தப் பக்கம் இவர். நல்ல தோல் ஒன்று வந்தது. இவருக்கு நல்ல தோலைப் பார்த்தால் குரல் தானாக ஏறும்.

"ஃபர்ஸ்ட்!"

கீழ் செட் வெளியே பாய்ந்தது. வழவழப்பான தோல்மேல் சறுக்கிக்கொண்டு போய் பையர் முன்னால் நின்றது. அந்த மனிதர் சிரிக்கவில்லை. பாவம், பழக்கதோஷம். கையில் எடுத்தார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"திருப்பிப் பாத்தான்மே!" என்று வீட்டுக்கு வந்து இவர் தலையில் அடித்துக்கொண்டார். "கிரேடு போட்றவன் பல்லுக்கே கிரேடு பாக்கறான்!"

அதற்குப் பிறகுதான் ஷூ டப்பா, பீரோ, துண்டு, சபதம் எல்லாம். வேலைக்கும் போகவில்லை. லீவு சொல்லிவிட்டார்.

சபதத்துக்குத் தூபம் போட்டவர் பக்கத்துத் தெரு காசிநாதன். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்க்ரூ பல் வைத்து எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பல்லை வாய்க்குள் வைத்துக்கொள்வதைவிட வெளியே காட்டிக்கொண்டிருப்பதுதான் ஜாஸ்தி. கல்யாண வீட்டு பிரியாணியில் நல்லி எலும்பு வந்தால் இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து கடிப்பார்.

"எலும்பு பவுடர் போட்டாங்க மாஸ்டரு. அதுவே எலும்பா வளந்துடுச்சி. நீங்களும் போட்டுக்குங்க."

அவர் போனதும் இவர் தோல் தடிமன் அளக்கிற கேஜை எடுத்தார். வட்டமான டயல், கீழே இரண்டு உதடு மாதிரி இருக்கும். அதற்கு பாலிதீன் சுற்றிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, தன் கீழ் ஈறைக் கவ்விப் பிடித்து அளந்தார்.

"ஒம்போது மில்லி! இன்னா கம்மி எனக்கு?"

மறுநாள் வாணியம்பாடியில் டாக்டர் தபஸ்ஸுமிடம் போனோம். சின்ன வயசுப் பெண். அப்பா, தாத்தா எல்லாரும் தோல் வியாபாரம். அந்தப் பெண் மட்டும் பல் பக்கம் வந்துவிட்டது. இவரைத் தெரியும் அதற்கு. "மாஸ்டர் அங்கிள்" என்றுதான் கூப்பிட்டது. ஒரு மெஷினுக்குள் தலையை வைக்கச் சொல்லித் தாடையைச் சுற்றிப் படம் எடுத்தது. அதுவரை நன்றாகத்தான் போனது.

"அங்கிள், பல்லு போச்சின்னா அதுக்கு அடியில இருந்த எலும்பும் கொஞ்சம் கொஞ்சமா கரையும். உங்களுக்குப் பதினஞ்சு வருஷமா கரைஞ்சிருக்கு."

"ஒம்போது மில்லி இருக்குதும்மா. நானே அளந்தேன்." கேஜைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அந்தப் பெண் கேஜைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டது.

"நீங்க அளந்தது மேல இருக்கிற சதை அங்கிள். உள்ள எலும்பு கத்தி மொனை மாதிரி இருக்கு. உசரத்தப் பாருங்க. கீழ முன்னாடி, நடுவுல, பதினாலு மில்லி. அருமையா இருக்கு. பின்னாடி வலது பக்கம் அஞ்சுதான். இடது பக்கம் ஆறு. அதுக்குக் கீழ ஒரு நரம்பு ஓடுது. ஸ்க்ரூ நிக்க எனக்குப் பத்து மில்லியாவது வேணும். மேல் தாடையில பின்னாடி மூணுதான் இருக்கு. அதுக்கு மேல மூக்குப் பக்கத்துக் காத்தறை."

"காசிநாதனுக்கு வெச்சிருக்காங்களே!"

"அவருக்குப் பல்லு எடுத்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. எலும்பு கரையல. ஒவ்வொருத்தர் தாடை ஒவ்வொரு மாதிரி அங்கிள். நரம்பு ஓடுற எடம் வேற, காத்தறை எறங்கியிருக்கிற அளவு வேற. பவுடர் போட்டு அகலத்தக் கொஞ்சம் கூட்டலாம். உசரத்தக் கூட்டறது ரொம்பக் கஷ்டம். சிலருக்குச் செய்யலாம். உங்க தாடையில, சர்க்கரையும் இருக்கறப்போ, நான் அந்த எடத்துல கை வெக்க மாட்டேன்."

இவர் முகம் சிவந்தது. துண்டு மறுபடியும் வாய்க்குப் போனது.

"எலும்பும் தோலும் ஒண்ணுதாம்மா! கம்மியா இருந்தா ஃபில்லரு போட்டு ஏத்தறதுதானே தொழிலு! ஒங்க தாத்தாவ வேணா கேளு!"

"நடுவுல மட்டும் ரெண்டு ஸ்க்ரூ போடலாம் அங்கிள். அது மேல கீழ் செட்டு பட்டன் மாதிரி டக்குனு மாட்டிக்கும். ஜாக்கெட்ல பிரஸ் பட்டன் இருக்குமே, அந்த மாதிரி. துள்ளாது, எகிறாது. மேல் செட்டு அப்டியே இருக்கட்டும்."

"கழட்டலாமா அத?"

"தினமும் கழட்டிக் கழுவணும்."

"அப்போ வேணாம்!"

அந்தப் பெண் இன்னும் என்னவோ சொன்னது. இவர் அதற்குள் துண்டும் கையுமாக வெளியே போய்விட்டார். நான் மட்டும் நின்றேன். எனக்கு ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, நரம்பு நரம்புன்னியே. அதுல பட்டா இன்னா ஆவும்?"

"கீழுதடு மரத்துப்போகும் ஆன்ட்டி. சிலருக்குத் திரும்பி வரும். சிலருக்கு வராமலே போயிடும்."

கீழுதடு! எந்த உதட்டில் தோலை இழுத்து முப்பத்தொரு வருஷம் கிரேடு சொன்னாரோ அந்த உதடு. பல் இல்லாமல் சின்னசாமி மாஸ்டர் இருந்துவிடுவார். உதடு மரத்துப்போனால் வெறும் சின்னசாமிதான் மிச்சம்.

அளவெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், இவர் வராந்தாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ தூரத்து ஊர். போனில் விளம்பரம் வந்ததாம். எப்படிப்பட்ட எலும்பாக இருந்தாலும் மூன்றே நாளில் நிலையான பல்லாம்.

"வெள்ளிக்கெழம வரச் சொல்லிட்டான். காலைல ரயிலு. ஒரு படம் கேக்கல, ஒரு அளவு கேக்கல. அவன் டாக்டரு!"

"அளவு கேக்காதவன் எப்டிங்க டாக்டரு? நீங்க தோலப் பாக்காம கிரேடு போடுவீங்களா?"

"ஒனக்கு இன்னாமே தெரியும்? எட்டாங் கிளாஸு."

அந்த எட்டாங் கிளாஸை அவர் வருஷத்துக்கு நாலு தடவையாவது எடுப்பார். நானும் கேட்டுக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு வாணியம்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் ஒரு கணக்குப் போட்டேன். செவ்வாய் முடிந்தது. புதன், வியாழன். கையில் இரண்டு நாள்.

அழுது பார்த்தேன். "ரயிலுக்குப் புளிசோறு கட்டு" என்றார். உதட்டைப் பற்றிச் சொன்னேன். "பயமுறுத்தறதுக்குன்னே படிச்சிட்டு வர்றாங்க" என்றார். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். என் பங்கு ரசத்தையும் அவரே குடித்துவிட்டார். பல் இல்லாதவருக்கு ரசம்தான் சாப்பாடு.

புதன்கிழமை காலையில் பக்கத்து வீட்டு ஹலீமா பீயிடம் போய் உட்கார்ந்தேன். அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அரே, இன்னாக்கா மூஞ்சி இப்டி கீது? யாரு போய்ட்டாங்க?"

"இன்னும் போவல. வெள்ளிக்கெழம போறாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். தாளையும் காட்டினேன். ஹலீமா பீ கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாஸ்டரண்ணன் யாரு பேச்சக் கேப்பாரு?"

"யாரு பேச்சும் கேக்க மாட்டாரு."

"ஒருத்தர் பேச்சும்?"

"அவரு பேச்ச மட்டும் கேப்பாரு."

சொல்லிவிட்டு நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிஷத்தில் என் தலைக்குள் விளக்கு போட்டது போலிருந்தது. இன்றைக்கும் அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வருகிறது.

ஹலீமா பீ வீட்டுக்காரர் தபரேஸ் பாய் சின்னதாக ஒரு தோல் யூனிட் வைத்திருக்கிறார். சந்தேகமான சரக்கு வந்தால் எந்த இடத்தில் எவ்வளவு தடிமன், என்ன குறை, பையர் என்ன கேட்கிறான் என்று ஒரு சீட்டில் எழுதி எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். இவர் சீட்டைப் பார்த்தே, எடுக்கலாமா வேண்டாமா என்று நீல பென்சிலால் எழுதிக் கொடுப்பார். வருஷக்கணக்காக நடக்கிற பழக்கம். ஹலீமா பீதான் சீட்டைக் கொண்டுவருவாள்.

அவளிடம் ஒரு வெற்றுச் சீட்டு கேட்டேன். டாக்டர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆனால் பதினாலு மில்லி தடிமனில் எந்த ஊரில் ஆடு இருக்கிறது? ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு பதினாலுக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். ஒன்று புள்ளி நாலு. ஐந்துக்கு முன்னால் ஒரு புள்ளி. ஆறுக்கு முன்னால் ஒரு புள்ளி. மூன்றுக்கும் அப்படியே. டாக்டர் கேட்ட பத்து, பையர் கேட்கிற ஒன்று ஆகிவிட்டது. கீழ்த்தாடை முதல் லாட், மேல்தாடை இரண்டாவது லாட்; தாடையின் பின்பக்கம் தோலின் வயிற்றுப் பக்கம் ஆயிற்று, நரம்பு தோலில் ஓடுகிற ‘வெயின்’ ஆயிற்று.

புள்ளி வைக்க எட்டாங் கிளாஸ் போதும்.

அன்று சாயங்காலம் இவர் ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஹலீமா பீ முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மாஸ்டரண்ணே, இவரு சீட்டு குடுத்தாரு. பெரிய பேஜாராப் போச்சாம். நீங்க பாத்து சொன்னாத்தான் எடுப்பாராம்."

பெட்டி அப்படியே நின்றது. கண்ணாடி ஏறியது. துண்டு தோளுக்கு இறங்கியது. சரக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு வாயில் பல் இருக்கிறதா இல்லையா என்பதே மறந்துவிடும்.

"ரெண்டு லாட்டா? ம். மொதலு லாட்டு நடுவுல ஒன்னு புள்ளி நாலு. சபாஷ். வயித்துப் பக்கம் வலது புள்ளி அஞ்சு. இடது புள்ளி ஆறு. அடியில வெயின் வேற ஓடுதா? பையரு இன்னா கேக்கறான்?"

"சுத்தி எல்லா எடத்துலயும் ஒன்னு வேணுமாம்ணே."

"வயித்துப் பக்கமுமா? அவனுக்குப் பைத்தியமா?"

"அளவே கேக்காம, ஃபில்லரு போட்டு ஏத்திடலாம்னு ஒருத்தரு சொன்னாராம்."

"எவன் அவன்?" இவர் எழுந்தே நின்றுவிட்டார். "எவன் சொன்னது? ஃபில்லரு போட்டா உப்பும்மா, தடிமன் வராது! ரெண்டு மாசத்துல பொருபொருன்னு வுட்டுடும்! புள்ளி அஞ்ச ஒன்னு ஆக்க முடியும்னு சொல்றவன் தோலத் தொட்டே பாத்திருக்க மாட்டான்!"

நான் அடுப்படியில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"வேற ஒருத்தரு சரக்குல ஏறிச்சாம்ணே. அதே ஃபில்லருதானாம்."

"அது வேற ஆடு, இது வேற ஆடு! ஒவ்வொண்ணு வாகு ஒவ்வொரு மாதிரி! அவன் சரக்குல ஏறிச்சின்னு இதுலயும் ஏறணுமா? ஹலீமா, தபரேஸுகிட்ட சொல்லு. அளவு கேக்காம ஆர்டரு எடுக்கறவன் திருடன்னு சொல்லு."

"அப்போ இத இன்னாண்ணே பண்றது? தூக்கிப் போட்றதா?"

"ஏன் போடணும்? நடுவுல தங்கமாட்டம் கீது. நடுவுல மட்டும் ரெண்டு பீஸு எடு. வயித்துப் பக்கம் கையே வெக்காத. வெயின் இருக்கற எடத்துல கத்தி பட்டா மொத்தமும் வீணு. அந்த ரெண்டாவது லாட்டு இன்னாது, புள்ளி மூணு? இது தோலா, வெங்காயத் தோலா? அத அப்டியே வுட்டுடு."

"எழுதிக் குடுத்துடுங்கண்ணே. இல்லன்னா இவரு நம்ப மாட்டாரு."

காதிலிருந்து நீல பென்சிலை எடுத்தார். வீட்டிலும் காதில்தான் இருக்கும். எழுதினார். "நடுவில் ரெண்டு மட்டும். ஓரம் தொடாதே. ரெண்டாவது லாட் வேண்டாம்." கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோடு போட்டால் முடிந்தது என்று அர்த்தம்.

நான் அடுப்படியிலிருந்து வந்தேன். டாக்டர் தாளை அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

இவர் தாளைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பதினாலு. ஒன்று புள்ளி நாலு. ஐந்து. புள்ளி ஐந்து. உதடு எண்ணிக்கொண்டே போனது. மூன்றாவது எண்ணில் நின்றது.

"இது இன்னாமே?"

"உங்க தாடைங்க."

"இந்தப் புள்ளி?"

"நான்தான் வெச்சேன்."

ஹலீமா பீ முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"தோலு வேற, எலும்பு வேற!" என்றார்.

"நேத்து டாக்டருகிட்ட ரெண்டும் ஒண்ணுன்னீங்களே. அந்தப் பொண்ணோட தாத்தாவ வேற சாட்சிக்குக் கூப்ட்டீங்க."

"அது கோவத்துல சொன்னது."

"இது?"

"இது... இத அழிச்சிட்றேன் குடு."

"அழிங்க" என்று நான் ரப்பரை எடுத்து நீட்டினேன். அதையும் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

ரப்பரைக் கையில் வாங்கினார். நீலக் கோட்டுக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே வைத்திருந்தார். ஹலீமா பீ சிரிப்பை நிறுத்திவிட்டாள். முப்பத்தொரு வருஷம். ஆபித் பாஷா கேட்டே மாற்றாதவர். கன்டெய்னரையே நிறுத்தியவர். என் கவலை இருக்கிறதே, அது அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. ஐயோ, அழித்துவிட்டால் உதடு போகுமே என்று ஒரு பக்கம். அழித்துவிட்டால் மனிதரே போய்விடுவாரே என்று இன்னொரு பக்கம்.

ரப்பரை மேஜைமேல் வைத்துவிட்டார்.

பிறகு அந்தச் சீட்டை எடுத்து, ஓரத்தைக் கீழுதட்டில் மெதுவாக ஒரு தடவை இழுத்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"உதடு மரத்துப்போவும்னா சொன்னா அந்தப் பொண்ணு?"

"ஆமாங்க. திரும்பி வராமலும் போவலாமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் சொன்னேன், அதுவும் சொல்ல வந்துச்சி. நீங்க துண்டுக்குள்ள இருந்தீங்க."

அவர் பெட்டியைத் திறந்தார். வேட்டி, சட்டை, பனியன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பீரோவில் அடுக்கினார். வெள்ளிக்கிழமை ரயில் அவர் இல்லாமலே போயிற்று. ரயிலுக்கென்று காய்ச்சி வைத்திருந்த புளிக்காய்ச்சலில் சோற்றைக் கிளறி நானும் ஹலீமா பீயும் சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசி.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவே ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகுதான் டாக்டர் தபஸ்ஸும் ஸ்க்ரூ வைத்தது. வைக்கிற அன்றைக்கு மூடிய பாக்கெட்டுக்குள் இருந்ததை இவர் கண்ணாலேயே பார்த்துவிட்டு, "நாலு மில்லிக்குக் கொஞ்சம் கம்மி" என்றார். அந்தப் பெண் டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தது. மூன்று புள்ளி ஏழு ஐந்து. டாக்டரும் நர்ஸும் வாயைப் பிளந்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் இவரைத் தவிர மற்றவர்கள் வாயைப் பிளந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்து வராந்தாவில் யாரென்றே தெரியாத ஒரு அம்மாவிடம் சொன்னேன்.

எலும்பு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள இன்னும் மூன்று மாதம். அப்புறம் ஒருநாள் கீழ் செட்டை வைத்து அழுத்தினார்கள். டக். அவ்வளவுதான். அவர் கத்திப் பார்த்தார், தும்மிப் பார்த்தார், கிளினிக் வாசலில் நின்று "ஃபர்ஸ்ட்!" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். ஆட்டோக்காரர் இரண்டு பேர் திரும்பினார்கள். பல் அசையவில்லை.

அதே பையர் மறுபடி வந்தபோது இவர் மேஜையில் நின்றார். சந்தேகமான தோல் ஒன்று வந்ததாம். உதட்டில் இழுத்தார். "செகண்ட்!" என்றார். பையர் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். இந்த முறை திருப்பிப் பார்க்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது ஊருக்கே இவர்தான் தாடை நிபுணர். காசிநாதன் வந்தால் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார்.

"எல்லாருக்கும் எட்டு ஸ்க்ரூன்னு போக முடியாது சார். தாடைக்குத் தாடை வேற. நரம்பு எங்க ஓடுதுன்னு பாக்கணும். என் தாடைய யாரு செலக்ட் பண்ணது தெரியுமா? டாக்டரு இல்ல. நானே. ஒரே பார்வை. நடுவுல ரெண்டு, ஓரம் தொடாதேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

அந்த நீல பென்சில் சீட்டைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். புள்ளி வைத்தது யார் என்று அவரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. ஹலீமா பீ மட்டும் அதன் பக்கத்தில் வரும்போதெல்லாம் இருமுவாள்.

எல்லாரும் போன பிறகு இவர் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து சொல்வார்: "இந்த வூட்டுல நான் சொன்னா சொன்னதுதான்மே."

நான் மறுத்துப் பேசுவதே இல்லை. அவர் எல்லாம் சொல்லி முடித்து, டக்கென்று பல்லைக் கழற்றிக் கழுவுவதற்கு என் கையில் கொடுத்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்ட பிறகுதான் என் பேச்சை ஆரம்பிக்கிறேன்.